கெடாவுக்குக் கொண்டுபோன குளத்து மீன்

பினாங்குத் துறைமுகத்தில் வெள்ளைக்கார டாக்டர் என்னை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் இடுப்பில் இருந்த பித்தளைக் குடத்தைக் காட்டி ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர், "இதுக்குள்ள இருக்கிறது திங்கிறதுக்கா, கும்பிடறதுக்கான்னு தொரை கேக்கறார்" என்றார். கும்பிட என்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்காமல் ஈரத் துணியை விலக்கி, உள்ளே இருந்த விரால் குஞ்சுகளை என் நாக்கைவிட அக்கறையாகப் பார்த்தார்.

மீனைக் கண்ணாலும் காணக்கூடாது என்று வளர்க்கப்பட்ட சைவக் குடும்பத்துப் பிள்ளை நான். கப்பலில் எனக்கு விழுந்த பெயர் 'மீன்காரர்'. கெடாவில் சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அண்ணன் கிராணியாக, அதாவது ஆள்களுக்குப் பேர் பதிந்து கணக்கு எழுதுகிறவராக இருந்தார். அவரை எப்படியாவது ஊருக்குக் கூட்டி வா என்று அம்மா என்னை அனுப்பினாள். வருவதானால் நம் கோயில் குளத்து விரால் குஞ்சு கொஞ்சம் உயிரோடு கொண்டு வா, இங்கே ஒரு குளம் வெட்டியிருக்கிறோம் என்று அண்ணன் எழுதியிருந்தார். ஏன், யாருக்கு என்று எழுதவில்லை. பூசாரியிடம் அண்ணன் வீட்டுத் தோட்டத்துக்கு என்று சொல்லிவிட்டு நானே படியில் இறங்கி அள்ளிக்கொண்டு வந்தேன்.

யாருக்கு என்பது கப்பலில்தான் தெரிந்தது. எங்கள் ஊர்ச் சேரியிலிருந்து அதே தோட்டத்துக்குப் போயிருந்த மாரி, அப்பன் சாவுக்கு வந்துவிட்டு அதே கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தான். மீன் அவன் பெண்டாட்டி அஞ்சலைக்காம். போன மழையில் அவர்கள் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் ஊர்க் கோயில் குளத்து மீனுக்குத் தன் கையால் பொரி போடுவதாக அஞ்சலை வேண்டிக்கொண்டாளாம். மகள் பிழைத்துவிட்டாள். ஊருக்கு வர வழியில்லை. அதனால் லயத்தில், தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையில், இருந்த ஜனங்கள் எல்லாரும் வேலை முடிந்த பிறகு மண்வெட்டி எடுத்து, தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கீழே ஒரு குளம் வெட்டிவிட்டார்கள். மீன் மட்டும்தான் பாக்கி.

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எங்கள் ஊரில் சேரித் தெருக்காரர்கள் குளத்தில் இறங்குவதில்லை. அவர்களுக்கு வேண்டுதல் இருந்தால் கிழக்கு மதிலுக்கு வெளியே நின்று பொரியை மதில்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். கோயில் ஆள் எடுத்து உள்ளே வீசுவான். வீசினானா, மடியில் கட்டிக்கொண்டானா என்று அவர்களுக்குத் தெரியாது. அஞ்சலை தன் கையால் என்று வேண்டிக்கொண்டது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. இந்த எண்ணத்தோடுதான் நான் குடத்தைச் சுமந்தேன். இதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான்.

கப்பல் தளத்தில் ஆசாரம் காப்பது லேசில்லை. கால் நீட்டினால் ஒருவர் முதுகு, கை நீட்டினால் ஒருவர் சோற்றுத் தட்டு. நான் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, அதற்குள் குடத்தோடு அவலும் புளிக்காய்ச்சலுமாகக் காலம் தள்ளினேன். மீனுக்குத் தண்ணீர் கப்பல் குழாயில் பிடித்தேன். அது யார் கை பட்டு வருகிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியாதவரை தோஷமில்லை என்று எனக்கு நானே சட்டம் வைத்துக்கொண்டேன்.

பினாங்கில் அந்தச் சட்டமும் தளர்ந்தது. அவல் தீர்ந்து வயிறு கத்தியது. நாகூர்ப் பக்கத்து மரைக்காயர் ஒருவர் துறைமுகத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வாசலில் தயங்கி நின்றவனைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"உள்ள வாங்க தம்பி. சைவமான்னுதானே கேக்கப் போறீங்க? சட்டி சைவம். கரண்டியப் பத்தி மட்டும் கேக்காதீங்க."

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. ஊரில் இருக்கிற தேங்காய்தான், ஆனால் பால் இங்கே கெட்டி. மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தகரக் குவளையில் காப்பி கொடுத்தார். அந்தக் குவளையில் எனக்கு முன்னால் யார் குடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மாரி வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டான். மரைக்காயர் அவனை உள்ளே கூப்பிட்டார். அவன் என் பக்கம் பார்த்துவிட்டு, "இங்கயே காத்தோட்டமா இருக்குங்க" என்றான்.

மறுநாள் பாய்மரப் படகில் கிளம்பினோம். சாயங்காலத்துக்குள் தஞ்சோங் டாவாய் என்றார்கள். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் மீனவர் ஊர் அது. காற்று நின்றுபோய், ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. படகுக்காரர் ஒரு மலாய்க்காரர். பதறவே இல்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார், மாரி எனக்குத் தமிழாக்கினான்: "கடல் வெளிய போயிருக்குதாம். அதுவா திரும்பி வந்து நம்மளத் தூக்கிவிடுமாம்." அப்படியே ஆயிற்று. தண்ணீர் கரையை நோக்கி ஏறி வந்து படகைத் தூக்கியது. இதைக் கண்ணால் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

தஞ்சோங் டாவாயில் பார்க்கும் இடமெல்லாம் நெத்திலி காய்ந்தது. எங்கள் ஊரில் களத்தில் நெல் காயவைப்பார்களே, அதே பரப்பில், அதே சிரத்தையில் மீன். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு மலாய்ப் பெண், எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அவித்த மரவள்ளிக்கிழங்கை வாழை இலையில் வைத்து நீட்டினாள். வாங்கித் தின்றேன். உப்புப் போட்டு அவித்த கிழங்கு, வெண்ணெயாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, சம்பான் என்கிற சிறிய துடுப்புப் படகில் ஆற்றில் மேலேறிச் செமிலிங் துறை வரை பயணம். இரு கரையிலும் வேர்களைக் கால்களாக ஊன்றிக்கொண்டு நிற்கும் மரங்கள். ஆறு என்றால் எனக்குக் காவிரிதான். ஆடியில் புதுவெள்ளம் வரும்போது தண்ணீர் இப்படித்தான் பழுப்பாக, அகலமாக, கலங்கலாக வரும். அள்ளிக் குடித்தால் மண்வாசனையோடு இனிக்கும். மெர்போக்கைப் பார்த்ததும் எனக்கு ஊருக்கே போய்விட்டாற்போல இருந்தது.

குடத்துத் தண்ணீர் முந்தின நாள் வெயிலில் சூடாகி நாறத் தொடங்கியிருந்தது. குஞ்சுகள் மேலே வந்து வந்து வாயைத் திறந்தன. நான் பயந்துபோனேன். மாரி பார்த்துவிட்டுத் தன் தகர டின்னை என் பக்கம் நகர்த்தினான்.

"சின்னய்யா, இது நல்ல தண்ணிங்க. பினாங்கு கொழாயில புடிச்சது. நான் இன்னும் வாய் வெக்கல. மீனுக்கு ஊத்திக்குங்க."

டின் நிறையத் தெளிந்த தண்ணீர். அவனுக்கு வழிக்கு இருந்ததே அவ்வளவுதான்.

"வேண்டாம்ப்பா. சாமி மீனு" என்றேன்.

அவன், "சரிங்க" என்றான். டின்னை மூடி எடுத்துக்கொண்டு சம்பானின் முன்முனைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

மரைக்காயர் கடைக் கரண்டி சுத்தம், மலாய்ப் பெண்ணின் கிழங்கு சுத்தம், கப்பல் குழாய் சுத்தம். எங்கள் ஊர்க்காரன் மாரியின் தண்ணீர் மட்டும் எனக்கு ஆகவில்லை. ஓடுகிற ஆற்றுக்குத் தீட்டு இல்லை என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். குடத்தின் வாயைத் துணியால் கட்டிப் பழைய தண்ணீரை முழுக்க வடித்தேன். சொம்பால் ஆற்றை மொண்டு மொண்டு கழுத்துவரை நிரப்பினேன். துடுப்புப் போட்டவர் என்னவோ சொன்னார். தண்ணீர் நல்ல குளிர்ச்சி என்கிறார் போலும் என்று நானே பொருள் செய்துகொண்டு சிரித்துத் தலையாட்டினேன். முன்னால் இருந்த மாரிக்குக் காற்றில் எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் குஞ்சுகள் குடத்துக்குள் ஓடி ஓடி மோதின. புதுத் தண்ணீர் கண்ட குஷி என்று நினைத்து எனக்கு உள்ளூர ஒரே பெருமை. செமிலிங் துறை தெரிந்தபோது துணியை விலக்கினால், எல்லாம் வயிற்றை மேலே காட்டி மிதந்தன.

மாரி வந்து எட்டிப் பார்த்தான். ஒரு விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தான். "உப்பு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கடல் ஆற்றுக்குள் இவ்வளவு தூரம் ஏறி வரும் என்றுதான் துடுப்புக்காரர் அப்போதே சொல்லியிருக்கிறார் என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது. மாரி குடத்துக்குள் கையை விட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அவன் கை குடத்துக்குள் போனதை நான் தடுக்கவில்லை. தடுத்துக் காப்பாற்ற அதற்குள் எதுவும் இல்லை. அவற்றை அவன் ஆற்றில் எறியவில்லை. கரையில் குச்சியால் குழி பறித்துப் புதைத்தான். நான் பக்கத்தில் நின்றேன். குனிந்து ஒரு பிடி மண்ணாவது தள்ளியிருக்கலாம். அதுவும் தோன்றவில்லை.

செமிலிங்கிலிருந்து மாட்டுவண்டி. பாதி வழியில் அச்சு முறிந்து வண்டி சாய்ந்தது. மீதியை நடந்தோம். குடத்தைத் தூக்கி வருவதாக மாரி கேட்டான், கொடுத்தேன். இரண்டு பக்கமும் ரப்பர்ப் பால்மரங்கள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் ஊர்த் தோப்பில் இரண்டு மரம் ஒன்றுபோல இருக்காது. இங்கே எதைப் பார்த்தாலும் முன்பே பார்த்ததுபோல இருக்கிறது, எவ்வளவு நடந்தாலும் நடந்த மாதிரியே இல்லை.

தோட்டத்து எல்லையில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. லயத்து ஜனங்கள் திரண்டு வந்திருந்தார்கள். மாவிலை கிடைக்காததாலோ என்னவோ, பால்மரத்து இலையில் தோரணம். ஒரு பெண் ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்து, மாரியின் தோளில் இருந்த குடத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். உள்ளே உப்புத் தண்ணீர்தான் இருந்தது. அவள்தான் அஞ்சலை என்று அவள் பின்னால் நின்ற, மொட்டையடித்து முடி முளைத்த சிறுமியைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். ஒல்லியான பெண்.

அவள் துணியை விலக்குவதற்குள் மாரி பேசினான்.

"வழியில அலை அடிச்சு உப்புத் தண்ணி உள்ள பூந்துருச்சு. மீனு தங்கல."

தப்பு நின்றது. பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொருவராக வந்து எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "கடலு கடந்து கொண்டாந்ததே பெருசுங்க." "அலைக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க?" ஒரு கிழவர் என் காலைக் கழுவ வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். நான் வாயைத் திறந்து இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வெந்நீரில் காலைக் கழுவிக்கொண்டேன்.

அண்ணன் வீட்டில் சாப்பாடு. பூசணிக்காய்ச் சாம்பார், அப்பளம். அவர் இலையில் மட்டும் ஒரு துண்டு கருவாடு. நான் பார்த்ததைப் பார்த்தார்.

"என்னடா முழிக்கிற? ஊருக்குப் போய்ச் சொல்லப் போறியா?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அம்மா இங்க எங்கடா இருக்கா?" என்று முள்ளை ஒதுக்கினார். அவரை ஊருக்குக் கூட்டிப் போகிற வேலை நடக்காது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "தண்ணிய மாத்தாமலே விட்டிருந்தாக்கூடப் பொழச்சிருக்கும். விரால் சேத்துலயே கெடக்கிற மீனு" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அதே விரால் இங்கே ஒவ்வொரு ஓடையிலும் இருக்கிறதாம். மலாய்க்காரர்கள் ஹருவான் என்கிறார்களாம். மழை பெய்தால் தரையில் நெளிந்தே ஒரு பள்ளத்திலிருந்து இன்னொரு பள்ளத்துக்குப் போய்விடுமாம். வெட்டிய குளத்திலும் தானாகவே வந்து சேர்ந்துவிட்டதாம்.

"அப்ப என்னை ஏன் கொண்டுவரச் சொன்னீங்க?"

"அஞ்சலைக்கு ஊர்க் கொளத்து மீனுதான் வேணுமாம். இந்த மீனுக்கு யாரு வேணும்னாலும் போடலாமே, அதுல என்ன இருக்குங்கிறா."

படுத்த பிறகு எனக்கு வேறொன்று குடைந்தது. உப்பில் ஒரு பொழுது தாங்காத மீன். நடுவே கப்பலில் எத்தனையோ நாள் கடல். அப்படியிருக்க, அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் ஒரே மீன் எப்படி? ஒரு காலத்தில் தரை ஒன்றாக இருந்திருக்கலாம் என்று அண்ணன் சொன்னார். எனக்கென்னவோ என்னைப்போல ஒருவன்தான் எப்போதோ குடத்தில் கொண்டுவந்திருப்பான் என்று தோன்றியது. அவன் வழியில் யார் தண்ணீர் கொடுத்தாலும் வாங்கியிருப்பான்.

மறுநாள் பால்வெட்டு முடிந்து பிற்பகலில் குளத்துக்குப் போனேன். படி கிடையாது. மண்சரிவில் மரக்கட்டைகளைப் பதித்திருந்தார்கள். அஞ்சலையும் மாரியும் மகளும் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முந்தானையில் பொரி இருந்தது. இவர்கள் அரிசியை வறுத்து, ஆசையாகச் சேர்த்து வைத்த பொரி. ஓடை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிவிட்டுப் போயின. எங்கள் குளத்து மீனுக்கும் அவற்றுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள் பொரியில் கை வைக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் மூவரும் எழுந்தார்கள். பழக்கம். எனக்கு அது கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது.

"அஞ்சலை, அலை எதுவும் அடிக்கல. மாரி நல்ல தண்ணி குடுத்தான். அது வேணாம்னுட்டு நான்தான் ஆத்துத் தண்ணிய ஊத்தினேன். நான்தான் கொன்னேன்."

மாரி தண்ணீரைப் பார்த்தான். அஞ்சலை என்னைப் பார்த்தாள்.

"தெரியுங்க. நேத்தே இவரு சொல்லிட்டாரு."

"பின்னே ஏன் நீங்க யாருமே..."

"வந்த மனுசர எல்லாரும் சுத்தி நின்னு கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "எங்க தண்ணி நல்ல தண்ணிதாங்க. எம்மவ காச்சல்ல கெடந்தப்ப அதத்தான் குடிச்சுப் பொழச்சா" என்றாள்.

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தெருவில் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கே ஒரு நிமிஷம் மனசு லேசானது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

"சின்னய்யா, வேண்டுதல் அப்படியே நிக்குது. இவரு மறுபடி ஊருக்கு வருவாரு. அப்ப அந்தக் கொளத்துல எறங்கி இவரு கையாலயே புடிச்சுக்க விடுவீங்களா? எறங்கி ஏறுற நேரம் விட்டாப் போதும். மீனை இவரே பத்தரமாக் கொண்டாந்துருவாரு."

கோயில் தர்மகர்த்தா என் சித்தப்பா. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஊரில் இதைக் கேட்டால் யார் யார் முகம் எப்படி மாறும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சித்தப்பா முகம், பூசாரி முகம், எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மா முகம். அஞ்சலை காத்திருந்தாள். மாரியும் இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"பார்க்கலாம்" என்றேன்.

எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியும். அஞ்சலை, "சரிங்க" என்றாள். சம்பானில் மாரி சொன்னதும் அதே குரல்தான். பிறகு பொரியை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டு, மகளின் கையைப் பிடித்து மேலே ஏறிப் போய்விட்டாள்.